தைராய்டு ஆபரேஷனில் புதுமுறைகள்: வேலூரில் எதைக் கேட்டு வாங்கலாம்

கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் ஆம்பூர்க்காரரும் சரி, அசாமிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குபவரும் சரி, இப்போது முதலில் விசாரிப்பது தழும்பில்லாத முறைகளைப் பற்றித்தான். வாய்வழி, அக்குள்வழி, ரோபோ என்று கைப்பேசியில் பார்த்துவிட்டே வருகிறார்கள். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் தைராய்டு அறுவை சிகிச்சைக்குள் வந்த கருவிகளையும் முறைகளையும் எடுத்துக்கொண்டு, எது எதற்கு உதவும், எங்கே காலை வாரும், எதற்குக் கூடுதல் பணம் தரலாம் என்று இங்கே மதிப்பிடுகிறோம். முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். குரல் நரம்பையும், ரத்தக் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பிகளையும் காப்பாற்றுகிற முறைகளுக்குத்தான் முதல் மதிப்பெண். தோலில் எங்கே கீறுகிறார்கள் என்பது அதற்கு வெகு பின்னால் வரும்.

எதனோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது? கழுத்தின் முன்பக்கம் தோல்மடிப்பிலேயே 4 முதல் 6 செ.மீ. கீறிச் செய்யும் வழக்கமான திறந்த ஆபரேஷனோடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை இறந்துபோனார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, நிதானமாகச் செய்து, அதை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். 1909இல் நோபல் பரிசும் பெற்றார். உயிராபத்து அன்றே பெருமளவு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பவை மூன்று: குரல் போவது, கால்சியம் இறங்குவது, முதல் நாள் ரத்தக்கசிவு. புதிதாக ஒரு முறை வந்தால் இந்த மூன்றில் எதைக் குறைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். திறந்த முறையின் தழும்போ, தோல்மடிப்பில் சரியாக அமைந்துவிட்டால், ஓராண்டில் பெரும்பாலானவர்களுக்குத் தேடினால்தான் தெரியும்.

கருவிகளுக்கு முன்னால் கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 25 தைராய்டு ஆபரேஷன்களுக்கு மேல் செய்யும் சர்ஜன்களிடம் சிக்கல்கள் குறைவு என்று 2017இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. வேலூருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சி.எம்.சி.யில் தைராய்டு, பாராதைராய்டு, அட்ரீனல் போன்ற சுரப்பிகளுக்கென்றே எண்டோகிரைன் சர்ஜரி என்ற தனித்துறை இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனைகளிலோ செய்துகொள்வதாக இருந்தால், பொது அறுவை அல்லது காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதை வாராவாரம் செய்பவர் யார் என்று கேட்டு அவரிடம் போங்கள். ‘ஐயா, வருஷத்துக்கு எத்தனை தைராய்டு பண்றீங்க?’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. நிறையச் செய்கிறவர் எண்ணிக்கையைத் தயங்காமல் சொல்வார்.

நரம்பு மானிட்டர்: கேட்டு வாங்குங்கள்

குரல் நாண்களை அசைக்கும் நரம்பு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளம் வழியாக, தைராய்டின் பின்புறத்தை ஒட்டியே மேலேறிக் குரல்வளைக்குள் நுழைகிறது. தடிமன் 2 மி.மீ. அளவுதான். நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வலப்பக்க நரம்பு வழக்கமான பாதையை விட்டு, கழுத்தின் பக்கவாட்டிலிருந்து நேராகக் குறுக்கே வந்துவிடும். குரல் நரம்பைத் தெரியாமல் வெட்டிவிடுவது அரிது. நிஜமான ஆபத்து இழுப்பில் இருக்கிறது. சுரப்பி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கும் இடத்தில் பெர்ரி தசைநார் என்று ஒன்று உண்டு. சுரப்பியை முன்னோக்கித் தூக்கும்போது நரம்பும் அந்த இடத்தில் சேர்ந்து இழுபடும். இழுபட்ட நரம்பு கண்ணுக்கு முழுசாகவே தெரியும், ஆனால் வேலை செய்யாது. கண்ணால் பார்த்துக் காப்பாற்றும் பழைய முறை தோற்கிற இடம் இது. மானிட்டர் உதவுகிற இடமும் இதுதான்.

மயக்கம் கொடுக்கும்போது போடும் மூச்சுக்குழாய் டியூபிலேயே மின்முனைகள் இருக்கும். அவை குரல் நாண்களைத் தொட்டபடி அமர வேண்டும். சர்ஜன் ஒரு கோலால் நரம்பைத் தொட்டு, வழக்கமாக 1 மில்லி ஆம்பியர் மின்சாரம் கொடுப்பார். குரல் நாண் துடித்தால் திரையில் அலையும் ஒலியும் வரும். 500 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் வந்தால் நல்ல தொடக்கம். 100க்குக் கீழே போய்விட்டால் சிக்னல் போய்விட்டதாகக் கணக்கு. முறையாகச் செய்பவர்கள் சுரப்பியைப் பிரிக்கத் தொடங்கும் முன்பே, குரல் நரம்பு கிளைபிரியும் தாய் நரம்பான வேகஸைத் தொட்டு அளவெடுப்பார்கள். சுரப்பியை எடுத்து, ரத்தக்கசிவை நிறுத்திய பிறகு அதே வேகஸை மறுபடி தொட்டு அளவெடுப்பார்கள். முதல் அளவு இல்லாத கடைசி அளவுக்கு மதிப்பில்லை. அடிபட்ட இடத்துக்கும் குரல்வளைக்கும் நடுவில் நரம்பைத் தொட்டால் அடிபட்ட நரம்பும் நல்ல சிக்னல் தரும், அதனால் நரம்பை மட்டும் தொட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று முடித்துவிடுவதும் போதாது.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் மயக்க மருந்துப் பக்கத்தில். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை மல்லாத்தியதும் டியூப் ஒன்றிரண்டு செ.மீ. நகரும், அல்லது திரும்பிக்கொள்ளும். அதனால் கழுத்தை மல்லாத்திய பிறகு வீடியோ லாரிங்கோஸ்கோப் (குரல்வளையைக் காட்டும் கேமராக் கருவி) வைத்து மின்முனை நாணில் படுகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் தசைத்தளர்ச்சி மருந்தைப் போட்டுவிட்டால் நரம்பு நன்றாக இருந்தாலும் தசை துடிக்காது. அதனால் குறுகிய நேர மருந்து அல்லது குறைந்த அளவு. நடுவில் சிக்னல் போனால் குரல்வளையின் அடியிலுள்ள கிரிக்காய்டு குருத்தெலும்பின் பின்னால் விரலை வைத்துத் தசை துடிப்பதைத் தொட்டுப் பார்ப்பார்கள். துடிக்கிறது என்றால் கோளாறு டியூபிலோ வயரிலோ. துடிக்கவில்லை என்றால் தசைத்தளர்ச்சி மருந்தின் மிச்சமா என்று பார்த்து, எதிர்ப்பக்க வேகஸையும் தொட்டு ஒப்பிடுவார்கள். இந்த வரிசை பழகாத குழுவிடம் விலையுயர்ந்த மானிட்டர் இருந்தும் பயனில்லை.

நிரந்தரக் குரல் பாதிப்பை மானிட்டர் எண்ணிக்கையில் வெகுவாகக் குறைக்கிறது என்று ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவில்லை. அனுபவசாலிகளிடம் அது ஏற்கெனவே ஏறக்குறைய 1 சதவீதம்தான். அப்படியிருந்தும் இதற்கு நாங்கள் முழு மதிப்பெண் தருவதற்கு ஒரே காரணம் உண்டு. இரு பக்கமும் எடுக்க வேண்டிய ஆபரேஷனில் முதல் பக்கம் முடிந்ததும் சிக்னல் போய்விட்டால், சர்ஜன் அங்கேயே நிறுத்திவிடலாம். இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீளும். அதன்பின் மறுபக்கத்தை எடுக்கலாம். நிறுத்தாமல் தொடர்ந்து, மறுபக்க நரம்பும் படுத்துவிட்டால் மூச்சுவிட முடியாமல் தொண்டையில் ஓட்டை போட வேண்டிவரும். ‘சிக்னல் போனால் நிறுத்துவீர்களா?’ என்ற கேள்வியை ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். அப்படி நிறுத்தினால் இன்னொரு முறை வர வேண்டியிருக்கும் என்பதற்கும் குடும்பத்தார் மனதளவில் தயாராக இருக்க வேண்டும்.

பாடுகிறவர்கள், வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள், சந்தையில் கூவி விற்பவர்கள் இன்னொரு நரம்பையும் பற்றிக் கேட்க வேண்டும். தைராய்டின் மேல்முனை ரத்தக்குழாய்களோடு பின்னிக்கொண்டு வரும் மேல் குரல்வளை நரம்பின் வெளிக்கிளை அது. அது போனால் பேச்சு இருக்கும், உச்சஸ்தாயி போகும், சத்தம் எழும்பாது. அதே கோலால் தொட்டால் கிரிக்கோதைராய்டு தசை துடிப்பது கண்ணுக்கே தெரியும்.

கட்டண விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மின்முனை டியூப் ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டியது, அதுதான் செலவு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியார் காப்பீட்டிலோ வருபவர்கள், தொகுப்புக் கட்டணத்தில் இந்த டியூபும் அடங்குமா என்று அட்மிஷனுக்கு முன்பே கவுண்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். மானிட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஸ்கோப் விட்டுக் குரல் நாண் அசைவைப் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். குரல் நன்றாக இருக்கும்போதே ஒரு நாண் அசையாதிருக்கும் ஆட்கள் உண்டு.

பாராதைராய்டைக் காட்டும் ஒளி

குரலைவிட அதிகம் பேர் அவதிப்படுவது கால்சியத்தால். தைராய்டின் பின்னால் வழக்கமாக நான்கு பாராதைராய்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு, எடை 30 முதல் 50 மில்லிகிராம், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். சுற்றிலும் இருக்கும் கொழுப்பும் அதே நிறம்தான், அதனால் பழகிய கண்ணுக்குக்கூடத் தப்பும். இவற்றுக்கு ரத்தம் பெரும்பாலும் கீழ்த்தைராய்டு தமனியின் மயிரிழை போன்ற கிளைகளிலிருந்து வருகிறது. தமனியை அடியிலேயே கட்டிவிட்டால் சுரப்பி இருந்த இடத்திலேயே செத்துப்போகும். அதனால்தான் தைராய்டின் உறையை ஒட்டியே போய், சின்னக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள்.

இந்தச் சுரப்பிக்கு ஒரு குணம் உண்டு. 785 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளியைக் காட்டினால், சாயம் எதுவும் ஏற்றாமலே 820 நானோமீட்டர் அளவில் தானாக ஒளிரும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் குழு இதை 2011இல் வெளியிட்டது. இதைப் பயன்படுத்தும் இரண்டு கருவிகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அனுமதி தந்தது. ஒன்று கேமரா வகை, தியேட்டர் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மற்றது தொட்டுப் பார்க்கும் கோல் வகை. பிரான்சில் நடந்த ஒரு சோதனையில் முழுத் தைராய்டையும் எடுத்தவர்களில் தற்காலிகக் கால்சியம் குறைவு சாதாரண முறையில் 21.7 சதவீதமாகவும், கேமராவோடு செய்தவர்களிடம் 9.1 சதவீதமாகவும் இருந்தது. நிரந்தரக் குறைவில் அதே அளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை.

குறைகளும் உண்டு. சில மி.மீ. ஆழத்துக்குக் கீழே இருப்பது தெரியாது. கூழ் போன்ற பொருள் நிறைந்த சில கொலாய்டு கட்டிகளும் ஒளிர்ந்து ஏமாற்றும். முக்கியமானது, ரத்தம் போகாமல் செத்த சுரப்பியும் அப்படியே ஒளிரும். உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயத்தை ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அந்தச் சாயத்தில் அயோடின் உண்டு, ஒவ்வாமை இருப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பார்வையில் இந்தக் கேமராவின் சிறந்த பயன் உடலுக்கு வெளியே. எடுத்த தைராய்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் முன் கேமராவில் ஒருமுறை காட்டினால், தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்த பாராதைராய்டு அகப்பட்டுவிடும். அதை 1 மி.மீ. துண்டுகளாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் பதித்துவிட்டால் சில வாரங்களில் பிழைத்து வேலை செய்யத் தொடங்கும். கேமரா இல்லாத இடத்தில் விளக்கு வெளிச்சத்தில் தைராய்டின் பின்புறத்தை நிதானமாகத் தேடினாலே பாதி பலன் கிடைக்கும். முழுத் தைராய்டையும் எடுப்பவர்களுக்கும், மறு ஆபரேஷனுக்கு வருபவர்களுக்கும் கேமரா கிடைத்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் எடுப்பவர்கள் இதற்காக அலைய வேண்டாம்.

வெப்பக் கத்தரி

ஹார்மோனிக், லிகாஷூர் என்ற பெயர்கள் பில்லில் வரும். முன்பு முடிச்சுப் போட்டுக் கட்டிய ரத்தக்குழாய்களை இவை அழுத்திச் சூடாக்கி ஒட்டி வெட்டுகின்றன. முதலாவது நொடிக்கு 55,500 முறை அதிரும் அலகால், இரண்டாவது மின்சாரத்தால். நேரமும் ரத்த இழப்பும் குறைகின்றன. ஆபத்து சூட்டில்தான். நரம்பிலிருந்து 3 மி.மீ.யாவது தள்ளிப் பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்த அலகு சில நொடிகளுக்குச் சுட்டுக்கொண்டே இருக்கும், அதே முனையால் நரம்புக்குப் பக்கத்துத் திசுவை ஒதுக்கினால் போச்சு. கவனமான சர்ஜன் அலகைத் தசையில் ஒருமுறை தொட்டு ஆறவிட்டுத்தான் அடுத்ததைப் பிடிப்பார். பெர்ரி தசைநாருக்குப் பக்கத்தில் இன்றைக்கும் நூல் முடிச்சும் சின்னக் கிளிப்பும்தான் பாதுகாப்பு. ஒருமுறைக்கென்றே செய்த கத்தரியை ஸ்டெரிலைஸ் செய்து மறுபடி பயன்படுத்தினால் அலகின் பட்டை தேய்ந்து ஒட்டும் சக்தி குறையும். புதுக் கருவிக்குக் கட்டணம் வாங்குகிறார்கள் என்றால் புதியதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தழும்பில்லாத வழிகள்

வாய்வழி முறை தாய்லாந்தின் அங்கூன் அனுவோங் 2016இல் 60 பேரின் முடிவுகளை வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது. கீழுதட்டின் உட்புறம் நடுவில் 10 மி.மீ. துளை ஒன்று, இரு பக்கமும் 5 மி.மீ. துளை ஒவ்வொன்று. தாடைக்குக் கீழே தோலுக்கடியில் வழி ஏற்படுத்தி, 6 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி, கேமரா வழியாகச் செய்வது. கழுத்தில் கீறலே கிடையாது, இது உண்மை. ஆனால் எல்லோருக்கும் ஆகாது. சுரப்பியின் விட்டம் 10 செ.மீ.க்குள், கன அளவு 45 மில்லிக்குள், சாதாரணக் கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், புற்றுநோய் என்றால் சிறியதாகவும் கழுத்துப் பக்கவாட்டு நெறிகளுக்குப் பரவாமலும் இருக்க வேண்டும். மார்புக்குள் இறங்கிய கழலை, முன்பே கழுத்தில் ஆபரேஷனோ கதிர்வீச்சோ ஆனவர்கள், வாயில் புண்ணோ ஈறில் சீழோ உள்ளவர்கள் இதற்கு ஒத்துவரமாட்டார்கள்.

இந்த வழிக்கென்றே சில சிக்கல்களும் உண்டு. முகவாய் நரம்பு இழுபட்டுக் கீழுதடும் தாடையும் மரத்துப்போவது, தாடைத் தோலில் சூட்டுக் காயம், அபூர்வமாக வாயு ரத்தக்குழாய்க்குள் போவது. வாய்க்குள் கிருமிகள் உண்டு என்பதால் ஆன்டிபயாட்டிக் அவசியம். திறந்த முறையில் கட்டாயமில்லை. தோல் கெலாய்டாகத் தடிக்கும் வாகுள்ளவர்களுக்கும், திருமணத்துக்கு முன் தழும்பு வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் இளம்பெண்களுக்கும், கட்டி சிறியதாக இருந்தால், இதை நிறையச் செய்த கை கிடைத்தால், தாராளமாகச் செய்துகொள்ளலாம். ‘சின்ன ஆபரேஷன்’ என்று நினைத்து மட்டும் போகாதீர்கள். உள்ளே எடுப்பது அதே அளவுதான், தோலுக்கடியில் பிரிப்பதோ அதிகம்.

கொரியாவில் 2007 முதல் அக்குள்வழி ரோபோ முறையும் வளர்ந்தது. நேரம் கூடும், செலவு வெகுவாகக் கூடும், நரம்பிலும் கால்சியத்திலும் கூடுதல் லாபம் நிரூபிக்கப்படவில்லை. கடன் வாங்கிச் செய்துகொள்ள வேண்டியது அல்ல.

அறுக்காமலும் குறைவாக அறுத்தும்

புற்றுநோய் அல்லாத ஒற்றைக் கட்டி தொண்டையை அழுத்துகிறது என்றால் ரேடியோ அலைவரிசைச் சூட்டு முறையைப் பற்றியும் கேளுங்கள். 18 கேஜ் ஊசியை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி கட்டிக்குள் விட்டு, ஊசிமுனையை நகர்த்தி நகர்த்திச் சுடுவார்கள். மரத்துப்போக ஊசி போட்டாலே போதும். ஓராண்டில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கும். செய்வதற்கு முன் எஃப்.என்.ஏ.சி. ஊசிப் பரிசோதனை இரண்டு முறை ‘புற்று இல்லை’ என்று வந்திருக்க வேண்டும், ஏனென்றால் சுட்டபிறகு பயாப்சிக்கு முழுக் கட்டி கிடைக்காது. நரம்பைத் தள்ளிவைக்க நடுவில் திரவம் செலுத்தும்போது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்தான் பயன்படுத்த வேண்டும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும்.

முறைகளிலேயே மிகப் பெரிய முன்னேற்றம் கருவியில் வரவில்லை என்பது எங்கள் கருத்து. 4 செ.மீ. வரையிலான, சுரப்பிக்குள்ளேயே அடங்கிய, நெறிக்குப் பரவாத பாப்பிலரி என்ற தைராய்டு புற்று வகைக்கு ஒரு பக்கம் மட்டும் எடுத்தாலும் போதும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015இல் ஏற்றுக்கொண்டது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரு நரம்புக்குத்தான் ஆபத்து. கால்சியம் பயமும் அநேகமாகக் கிடையாது. பலருக்கு வாழ்நாள் மாத்திரையும் தேவைப்படாது. ‘எதற்கும் முழுசா எடுத்துடுங்க டாக்டர்’ என்று குடும்பத்தார் வற்புறுத்துவதை இங்கே அடிக்கடி கேட்கலாம். தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். எந்தப் பக்கம், எவ்வளவு, ஏன் என்று டாக்டரைச் சொல்லவிட்டுக் கேளுங்கள்.

வார்டிலும் ஊர் திரும்பும்போதும்

மின்கத்தரி காரணமாக உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது. தாலிச் சங்கிலி, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உலோகமில்லாத மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளலாமா என்று நர்சிடம் முந்தின நாளே கேட்டுவிட்டால் காலையில் பதற்றம் இருக்காது.

ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் 6 மணி நேரத்தில் அதிகம் வரும்; சிலருக்கு அதற்குப் பிறகும் வரலாம். நூற்றில் ஒருவருக்கு. கழுத்து இறுகுவது, வீங்குவது, மூச்சு முட்டுவது, படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனிருப்பவர் அந்த நொடியே நர்சைக் கூப்பிட வேண்டும். தியேட்டருக்குக் கொண்டுபோகக் காத்திராமல் படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தக்கட்டியை வெளியேற்றுவதுதான் சரியான சிகிச்சை. கழுத்தில் டிரெய்ன் குழாய் வைத்திருந்தாலும் இந்தக் கண்காணிப்பு குறையக் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். இரவு ஷிப்ட்டில் டாக்டர் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பாரா என்ற கேள்வி ரோபோ இருக்கிறதா என்ற கேள்வியைவிட முக்கியம். அன்றே வீட்டுக்கு அனுப்புகிற இடத்தில் செய்துகொள்ள வேண்டாம்.

கால்சியம் மிகவும் இறங்குவது 24 முதல் 72 மணி நேரத்துக்குள். முழுத் தைராய்டையும் எடுத்தவர்களுக்குச் சில மணி நேரத்திலோ மறுநாள் காலையிலோ, பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோனான பி.டி.எச். அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும். 15 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் பெரிய பயமில்லை. குறைவாக இருந்தால் கால்சியமும், கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்தும் அன்றே தொடங்குவார்கள். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, கை இழுத்துக்கொள்வது அறிகுறிகள். கை இழுத்தால் மாத்திரைக்குக் காத்திருக்காமல் ஊசி வழியாகக் கால்சியம் குளுக்கோனேட் மெதுவாக ஏற்ற வேண்டும். வைட்டமின் டி குறைவு நம்மூரில் சகஜம் என்பதால் அதை ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துச் சரிசெய்துகொள்வது நல்லது.

இதனால் வெளிமாநிலத்தவர் டிஸ்சார்ஜ் அன்றே காட்பாடியிலிருந்து ஒருநாளுக்கு மேல் ஓடும் ரயிலில் ஏறக் கூடாது. காந்தி ரோடு லாட்ஜில் மூன்றாம் நாள் வரை தங்கி, ரத்தத்தில் கால்சியம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குடியாத்தம், வாணியம்பாடி, ஆரணி பக்கத்தவர்கள் வீட்டுக்குப் போகலாம், கையில் கால்சியம் மாத்திரை இருக்க வேண்டும். 1250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான், சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும். தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாகத் தரும் தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டு, காபி, டீக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரண்டு மாத்திரைக்கும் நடுவே 4 மணி நேரம் வேண்டும். சேர்த்துப் போட்டால் கால்சியம் தைராக்சினைப் பிடித்துவைத்துக்கொண்டு, தைராக்சின் போதவில்லை என்று காட்டும் டி.எஸ்.எச். அளவு ஏறும், காரணம் தெரியாமல் டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

வேலூரைவிட்டுக் கிளம்பும்முன் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எடுத்தார்கள், இரு பக்க நரம்பையும் பார்த்தார்களா, வேகஸின் முதல் அளவும் கடைசி அளவும் என்ன, எத்தனை பாராதைராய்டுகளைப் பார்த்தார்கள், எதையாவது தசையில் பதித்தார்களா, பி.டி.எச். எவ்வளவு, பயாப்சி ரிப்போர்ட் எப்போது வரும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். விட்டுப்போனதை அங்கேயே எழுதி வாங்குங்கள். பின்னாளில் எந்த ஊரில் மறு ஆபரேஷன் வந்தாலும் அங்கிருக்கும் சர்ஜன் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.